இலை சொல்வதும் தட்டில் வடிவதும்: நார்த்தூள் பையில் உப்பையும் பிஎச்சையும் சரிசெய்யும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. பெர்ணம் ஆற்றங்கரையிலிருந்து பாகான் டத்தோ வரை செம்பனையும் தென்னையும் மாறி மாறி நிற்கும். மிளகாயை மண்ணில் நட்டு வாடல் நோய்க்குப் பலிகொடுத்துக் களைத்தவர்கள், தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பாலிபேக்குக்கும் (நெகிழிப் பைக்கும்) சொட்டுக் குழாய்க்கும் மாறியதில் வியப்பில்லை. என் வீட்டுக்குப் பின்னால், முன்பு மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில், நெகிழிக் கூரையின் கீழ் 180 பைகள் இருக்கின்றன. பெரும்பாலும் குலாய் வகை மிளகாய். ஓரத்தில் கொஞ்சம் தக்காளியும் கத்தரியும். இந்த வரிசையைப் பார்த்துவிட்டு லயத்திலிருந்தும் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) தாமானிலிருந்தும் (வீடமைப்புப் பகுதி) ஆட்கள் கருகிய இலையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இலையை மட்டும் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் என் முதல் புகார்.

ஒரே மஞ்சள் இலைக்கு ஐந்து காரணம் இருக்கலாம். அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிரானவையாகவும் இருக்கலாம். பையின் அடியிலிருந்து வடியும் நீரை ஒரு போத்தலில் பிடித்துக் கொண்டுவந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் வடிநீரைப் பிடியுங்கள்

நார்த்தூள் மண் அல்ல. தனக்கென்று பெரிதாக உணவு எதுவும் வைத்திருக்காது; நாம் ஊற்றுவதைப் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும். அதற்காக, வெறும் பஞ்சுபோல் சும்மா கிடக்கும் பொருளும் அல்ல. அதன் துகள்களின் மேல் எதிர்மின் இடங்கள் உண்டு. பொட்டாசியமும் சோடியமும் அங்கே பிறவியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கால்சியமோ மக்னீசியமோ வந்தால் அதை இழுத்து வைத்துக்கொண்டு, பதிலுக்குப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் நீரில் தள்ளிவிடும். கீழே வரும் கோளாறுகளில் பலவும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் தொடங்குகின்றன.

அளக்கும் முறை எளிது. காலையில் முதல் பாய்ச்சல் முடிந்து ஒரு மணி நேரம் விடுங்கள். பையை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து அடியில் சுத்தமான தட்டை வையுங்கள். மேலே தொட்டியில் உள்ள அதே ஊட்டநீரில் ஒரு குவளை அளவை மெதுவாக, வட்டமாக ஊற்றுங்கள். முதலில் வடியும் 50 முதல் 100 மில்லிலிட்டர் போதும். அதிகம் பிடித்தால் நீங்கள் இப்போது ஊற்றியதையே அளப்பீர்கள். வேர் குடித்துக்கொண்டிருந்த நீர் அதில் கரைந்து காணாமல் போய்விடும். அந்த வடிநீரின் இசியையும் பிஎச்சையும் எழுதுங்கள். அருகிலேயே தொட்டி நீரின் இசியையும் பிஎச்சையும் எழுதுங்கள். இசி என்பது நீரில் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவை மின் கடத்தும் திறனால் காட்டும் எண் (அலகு: மில்லிசீமன்ஸ்/செ.மீ.). பிஎச் அமிலத்தன்மையைக் காட்டும் எண்.

இனி ஒப்பிட வேண்டியதுதான். வடிநீர் இசி தொட்டியைவிட 0.5 வரை கூடுதலாக இருந்தால் வேலையைப் பார்த்துக்கொண்டு போகலாம். 1.0 கூடுதல் என்றால் பாய்ச்சும் அளவைக் கூட்ட வேண்டும். 1.5க்கு மேல் போய்விட்டால் பையைக் கழுவ வேண்டும். தொட்டியைவிடக் குறைவாக வந்தால் செடி பசியில் இருக்கிறது, அல்லது மழை உள்ளே புகுந்திருக்கிறது. பிஎச் 5.5க்கும் 6.3க்கும் இடையில் இருந்தால் நான் கை வைப்பதில்லை.

சில கருவிகள் இசிக்குப் பதிலாகப் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு உப்பு என்ற கணக்கு) காட்டும். இங்கேதான் சண்டையே வரும். ஒருவர் "எனக்கு 1400" என்பார், இன்னொருவர் "எனக்கும் 1400தான், என் செடி நன்றாக இருக்கிறதே" என்பார். இசியை 500ஆல் பெருக்கும் கருவியில் 1400 என்றால் இசி 2.8. 700ஆல் பெருக்கும் கருவியில் அதே 1400 என்றால் இசி 2.0. காய்க்கும் மிளகாய்க்கு 2.0 சாதாரணம், இளஞ்செடிக்கு 2.8 கொடுமை. ஆகவே இசியில் மட்டும் பேசுவோம். நான் கொடுப்பது: நாற்றுக்கு 0.8 முதல் 1.2, வளரும் செடிக்கு 1.6 முதல் 2.0, காய்ப்பில் 2.0 முதல் 2.5.

இலை நுனியும் விளிம்பும் கருகுகின்றன. பையின் வாயில் வெள்ளைப் படிவு

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற கிராணியார் ஒருவர் இருக்கிறார். தோட்டத்துக் கணக்கை முப்பது ஆண்டு எழுதிய கை. ஒரு சென் வீணாவதை அவரால் பொறுக்க முடியாது. "உரம் கலந்த தண்ணீரைத் தரையில் விடுவதா?" என்று கேட்டு, ஒரு சொட்டுகூட அடியில் வடியாதபடி சொட்டுக் குழாயின் நேரத்தைக் குறைத்து வைத்திருந்தார். ஆறாவது வாரம் இலை விளிம்பு பழுப்பேறியது. சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தைக் கூட்டினார். கருகல் கூடியது. மேலும் கூட்டினார்.

நான் போய்ப் பார்த்தபோது பையின் வாயில், ஈரம் முடிந்து காய்ந்த பகுதி தொடங்கும் இடத்தில், வட்டமாக வெள்ளைக் கோடு. அது பூஞ்சையா உப்பா என்று அவருக்குச் சந்தேகம். நகத்தால் சுரண்டினேன், பஞ்சுபோல் இழுபடவில்லை, சுண்ணாம்புபோல் நறநறவென்று உதிர்ந்தது. ஒரு மூடித் தண்ணீரில் போட்டதும் பெரும்பகுதி கரைந்து மறைந்தது. பூஞ்சை கரையாது. தொட்டி நீர் இசி 2.9 காட்டியது. வடிநீரில் கருவியை விட்டேன். எண் 3, 4 என்று ஏறி 5.6இல் போய் நின்றது. கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

நடந்தது இதுதான். செடி தண்ணீரை வேகமாகக் குடிக்கிறது. உப்பை அவ்வளவு வேகமாக எடுப்பதில்லை. மேற்பரப்பிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. வெளியேற வழியில்லாத பையில் ஒவ்வொரு நாளும் மிச்சம் சேர்கிறது. பை பாதி காய்ந்தால் மீதி நீரின் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நம் ஊர் நண்பகல் வெயிலில் இது நடக்க ஒரு வாரம்கூட வேண்டாம்.

கழுவும் முறை: தொட்டியில் இசி 0.8 முதல் 1.0 வரை உள்ள மெல்லிய ஏபி கரைசலைத் (ஏ, பி என்று இரண்டு பகுதியாக வரும் உரத்தின் கரைசல்) தயாரியுங்கள், பிஎச் 5.8. பத்து லிட்டர் பை என்றால் இருபது லிட்டர் கரைசல் வேண்டியிருக்கும். காலை நேரத்தில், நான்கு தவணையாக, தவணைக்கு இருபது நிமிட இடைவெளி விட்டு ஊற்றுங்கள். ஒரே மூச்சில் கொட்டினால் நீர் பையின் ஓரமாக வழிந்து ஓடிவிடும்; நடுவில் உள்ள உப்பு அப்படியே இருக்கும். வடிநீர் இசி ஊற்றுவதைவிட 0.5க்குள் வந்ததும் நிறுத்தி, கடைசித் தவணையை வழக்கமான ஊட்டநீரால் முடியுங்கள்.

வெறும் குழாய்த் தண்ணீரால் கழுவினால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். இசி இறங்கும், உண்மைதான். ஆனால் துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைப் பெயர்க்க ஏதாவது ஒன்று வந்து அந்த இடத்தில் உட்கார வேண்டும். அந்த வேலையைக் கால்சியம் செய்யும். வெறும் தண்ணீர் செய்யாது. கழுவி முடித்த பின் வேரைச் சுற்றி உண்ண ஒன்றுமில்லாத நீர் நிற்பது இன்னொரு தொல்லை. உப்புக் கடலிலிருந்து ஒரே மணி நேரத்தில் மழைநீருக்கு மாற்றினால் வேர் திணறும்; செடியில் பழுத்துக்கொண்டிருக்கும் தக்காளி வெடிக்கும்.

பிறகு வராமல் இருக்க, ஊற்றுவதில் 10 முதல் 20 விழுக்காடு அடியில் வடிய வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பாய்ச்சலைவிட ஆறு சிறிய பாய்ச்சல் நல்லது. வடிவதை வீணாக்க மனமில்லாத கிராணியார் இப்போது அதைப் பிடித்து வேலியோர வாழைக்கு ஊற்றுகிறார். வாழை மகிழ்ச்சியாக இருக்கிறது.

கருகிய விளிம்பு மறுபடி பச்சையாகாது. புதிதாக வரும் இலையைப் பார்த்துத்தான் சரியாகிவிட்டதா என்று முடிவு செய்ய வேண்டும்.

புதுப் பையில் நட்ட நாற்று பத்து நாளாக அசையவில்லை

இது மிகவும் வேதனையான கோளாறு. ஏனென்றால் நட்டவர் எந்தத் தவறும் செய்ததாக அவருக்குத் தெரியாது.

அடுத்த லயத்து அக்கா, ஒரு கடையில் ஐந்து கிலோ நார்த்தூள் கட்டிகள் நான்கு வாங்கிவந்தார். உறையில் "கழுவப்பட்டது" என்றுதான் இருந்ததாம். தண்ணீர் ஊற்றினார். ஒரு கட்டி பொதுபொதுவென்று உப்பி எழுபது லிட்டர் அளவுக்கு வந்தது. பிழிந்தால் கருந்தேநீர் நிறத்தில் நீர் வடிந்தது. மூன்று முறை அலசினார். நிறம் வெளுத்தது. உப்பு போய்விட்டது என்று முடிவுகட்டி நட்டுவிட்டார். பத்தாம் நாள் நாற்று நட்டபோது இருந்த உயரத்திலேயே நின்றது; இளந்தளிர் சுருங்கி, ஓரம் கருகியிருந்தது.

அந்தப் பழுப்பு நிறம் உப்பு அல்ல. அது நாரிலிருந்து இறங்கும் டேனின். உப்புக்கு நிறமே கிடையாது. நிறம் போகும்வரை அலசுவது ஒரு வேலை, உப்பு போகும்வரை அலசுவது வேறொரு வேலை. அக்கா மிச்சம் வைத்திருந்த கட்டியை என் முன்னால் ஊறவைத்தோம். முதல் பிழிநீரின் இசி 3.8. இரண்டாம் அலசலில் 1.9. நிறம் ஏறக்குறைய போய்விட்ட மூன்றாம் அலசலிலும் 1.1. நம் குழாய்த் தண்ணீரே 0.1தான்.

"கடல் ஓரத்துத் தேங்காய் அப்படித்தான் இருக்குமோ தம்பி?" என்று அக்கா கேட்டார். பாதி உண்மை. உப்புக் காற்றில் வளர்ந்த தென்னையின் மட்டையில் சோடியமும் குளோரைடும் கூடுதலாக இருக்கும். மட்டையை உவர்நீரில் ஊறப்போட்டு நாரைப் பிரித்திருந்தால் இன்னும் கூடும். எந்த ஊர் மட்டை, எந்த நீரில் ஊறியது என்பதை உறை சொல்லாது. ஒவ்வொரு கட்டு வாங்கும்போதும் அளக்க வேண்டியதுதான்.

அலசல் கரைந்த உப்பை மட்டும் எடுக்கும். துகளில் ஒட்டியது அப்படியே நிற்கும். அந்த நிலையில் நட்டால், நீங்கள் ஊற்றும் ஏபி உரத்தில் உள்ள கால்சியத்தை முதலில் நார்த்தூள் தின்னும். செடிக்கு மிஞ்சியது சோடியமும் கூடுதல் பொட்டாசியமும். அக்காவின் தளிர் சுருங்கியது அதனால்தான். ஆகவே அலசிய பிறகு கால்சியம் ஏற்ற வேண்டும். நான் செய்வது இப்படி:

ஐந்து கிலோ கட்டியை நன்றாக உப்ப வைத்து, பிழிநீர் இசி 0.6க்குக் கீழே வரும்வரை அலசுகிறேன். பிறகு 50 லிட்டர் தண்ணீரில் 150 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஊற்றி, ஒரு இரவு முழுவதும் ஊறவிடுகிறேன். லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம் நைட்ரேட் ஏறக்குறைய 1.2 இசி கொடுக்கும். எனவே இந்தக் கரைசல் 3.5 பக்கம் காட்டும். காலையில் வடித்துவிட்டு இன்னொரு முறை அதே அளவு. கடைசியில் தண்ணீரால் ஓர் அலசல், பிழிநீர் 1.0க்குக் கீழே வந்தால் பை நிரப்பலாம். முதல் ஊறலில் வடியும் நீரின் இசி குறையவில்லையே என்று பயப்பட வேண்டாம்: உள்ளே போன கால்சியத்துக்குப் பதிலாகச் சோடியமும் பொட்டாசியமும் வெளியே வந்திருக்கின்றன. கருவிக்கு எது கால்சியம், எது சோடியம் என்று பிரிக்கத் தெரியாது, மொத்தத்தைத்தான் சொல்லும். அதனால்தான் இரண்டு முறை ஊறவைக்கிறேன்.

ஏற்கனவே நட்டுவிட்டவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. மேலே சொன்ன மெல்லிய கரைசல் கழுவலை, லிட்டருக்கு அரைக் கிராம் கால்சியம் நைட்ரேட் சேர்த்து, ஒரு வாரத்தில் மூன்று முறை செய்யுங்கள். அக்காவின் நாற்பது கன்றுகளில் முப்பத்திரண்டு எழுந்தன. மற்ற எட்டையும் அவரே பிடுங்கிப் போட்டார்.

இளம் இலை மஞ்சள்; நரம்பு மட்டும் பச்சை

புதிய இலையில் இப்படி வந்தால் இரும்புச்சத்து செடிக்குள் போகவில்லை என்று பொருள். உரத்தில் இரும்பு இல்லை என்று பொருளல்ல. இரும்பு வாங்கித் தெளிப்பதற்கு முன் வடிநீர் பிஎச்சைப் பாருங்கள். 6.5க்கு மேல் இருந்தால் காரணம் அதுதான். மலிவான ஏபி உரங்களில் இரும்பு பெரும்பாலும் இடிடிஏ என்ற பிடிமானத்தில் இருக்கும், பிஎச் 6.5ஐத் தாண்டும்போது அந்தப் பிடி தளரும். டிடிபிஏ வகை 7.5 பக்கம்வரை தாங்கும். விலை கூடுதல்.

தொட்டியில் 5.8 வைத்தேனே, வடிநீரில் 6.8 எப்படி வந்தது என்பார்கள். செடி நைட்ரேட்டை எடுக்கும்போது வேரைச் சுற்றி பிஎச் ஏறும். வேகமாக வளரும் செடியில் இது இயல்பு. தொட்டியை 5.5க்கு இறக்கி, வடிதலைக் கொஞ்சம் கூட்டி, நான்கைந்து நாள் பொறுத்தால் இறங்கிவரும். ஒரே நாளில் இறக்கிவிட வேண்டும் என்று 4.5இல் ஊற்றியவரையும் பார்த்திருக்கிறேன். வேர் நுனி கருகிவிட்டது.

பிஎச் இறக்க பாஸ்பரிக் அமிலம் அல்லது நைட்ரிக் அமிலம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. எலுமிச்சைச் சாறும் புளிக்காடியும் அன்றைக்கு இறக்கும். நுண்ணுயிர்கள் தின்று முடித்ததும் பிஎச் பழைய இடத்துக்கே போய்விடும். இவற்றைச் சமையலறையிலேயே விட்டுவிடலாம்.

பிஎச் சரியாக இருந்தும் இளம் இலை மஞ்சளா? பையைத் தூக்கிப் பாருங்கள். கல்போல் கனத்தால், முகர்ந்தால் சாக்கடை வாடை வந்தால், வேருக்கு மூச்சு இல்லை. மூச்சில்லாத வேராலும் இரும்பை எடுக்க முடியாது. பொடிப்பொடியான பழைய நார்த்தூளில் இது அடிக்கடி நடக்கும். அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கு நார்ச் சில்லு கலந்து நிரப்புங்கள்.

முதிர்ந்த இலையில் நரம்பிடை மஞ்சள்

இடம் மாறினால் காரணமும் மாறும். அடி இலைகளில் வந்தால் மக்னீசியம். பொட்டாசியம் மிகுந்த நார்த்தூளில் இது சகஜம். லிட்டருக்கு 0.3 முதல் 0.5 கிராம் எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்) ஊட்டநீரில் சேர்த்துப் பத்து நாள் பாருங்கள். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

காயின் நுனியில் பழுப்புக் குழி

மிளகாயிலும் தக்காளியிலும் காயின் கீழ்ப்பக்கம் ஈரம்பட்டதுபோல் தொடங்கி, பழுப்பாகிக் குழிவிழும். பலர் இதைப் பூஞ்சை என்று எண்ணி மருந்தடிப்பார்கள். பழ அழுகல் பூஞ்சையில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகளும் கருப்புப் புள்ளிகளும் தெரியும். காயின் எந்த இடத்திலும் வரும். இது நுனிப்பக்கமாகவே வரும், காய்ந்த தோல்போல் இருக்கும். கால்சியம் காய்க்குள் போய்ச் சேராததுதான் காரணம்.

கால்சியம் நீரோடு ஓடும் சரக்கு. இலை நிறைய நீரை ஆவியாக்கும், காய் குறைவாக. வேரில் உப்பு ஏறினாலும், ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாகப் பாய்ச்சினாலும், முதலில் பாதிக்கப்படுவது காய்தான். எனவே வடிநீர் இசியை இறக்குங்கள், பாய்ச்சலைச் சீராக்குங்கள். காய்ப்பு வந்துவிட்டதென்று தனியாகப் பொட்டாசியம் சேர்ப்பவர்கள் அதை நிறுத்துங்கள். இலையில் தெளிக்கும் கால்சியம் காய்க்கு இறங்காது. தெளித்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஏபி உரத்தைக் கலக்கும் முறையும் இங்கே குற்றவாளியாக இருக்கலாம். ஏயில் கால்சியம், பியில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். இரண்டின் அடர்கரைசலையும் ஒரே வாளியில் ஊற்றினால் பால்போல் கலங்கி அடியில் மாவு படியும். அந்த மாவுதான் உங்கள் செடிக்குப் போக வேண்டிய கால்சியம். தொட்டியில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி, ஏயை ஊற்றிக் கலக்கி, பிறகு பியை ஊற்றிக் கலக்கி, கடைசியில் பிஎச்சைச் சரிசெய்யுங்கள். உரம் போடுமுன் பிஎச் பார்ப்பது வீண்வேலை. உரமே அதை இறக்கிவிடும்.

பை ஈரமாக இருக்கிறது. நண்பகலில் செடி தொங்குகிறது

வடிநீர் இசி 4க்கு மேல் என்றால் வேர் நீரை இழுக்க முடியாமல் தவிக்கிறது, கழுவுங்கள். இசி சரியாக இருந்தால் பையின் ஓரத்தைக் கீறி வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் வெயிலின் சூடு, நிழல்வலை போடலாம். பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு நூல் மட்டும் கையில் நின்றால் வேரழுகல். அந்தப் பையை வரிசையிலிருந்து அன்றே அகற்றுங்கள்.

பிஎச் தொடர்ந்து இறங்குகிறது

எங்கள் பகுதிக்கே உரிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குழாய்க் கட்டணத்தை மிச்சப்படுத்த வாய்க்கால் நீரை இறைப்பவர்கள் இருக்கிறார்கள். மலாய்க்காரர்கள் காம்புட் என்று சொல்லும் கரிய சதுப்பு மண்ணிலிருந்து வடியும் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். பிஎச் 4 பக்கம் இருக்கும். ஆற்றோரம் என்றால் இன்னொரு சங்கடம்: கடல் ஏற்றத்தில் வாய்க்காலில் உவர்நீர் ஏறும். காலையில் அளந்தபோது நன்றாக இருந்த நீர் மாலையில் உப்புக் கரிக்கும். வாய்க்கால் நீரையே நம்பியிருப்பவர்கள் ஒவ்வொரு முறை இறைக்கும்போதும் அளக்க வேண்டும். என்னைக் கேட்டால், கூரையிலிருந்து மழைநீரை நீலப் பீப்பாயில் பிடிப்பது இதைவிட நூறு மடங்கு மேல். இசி ஏறக்குறைய சுழியம்.

இரண்டாவது காரணம் செம்பனைக்குப் போடும் குருணை உரம். வீட்டில் மிச்சம் கிடக்கிறதே என்று பையில் ஒரு பிடி போடுவார்கள். அதில் உள்ள அம்மோனியத்தை வேர் எடுக்கும்போது பிஎச் இறங்கும், இசியும் எகிறும். குருணையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மெல்லிய கரைசலால் கழுவி, தொட்டியை ஒரு வாரம் 6.2இல் வையுங்கள். ஏற்றுவதற்குப் பொட்டாசியம் பைகார்பனேட் போதும்; சிட்டிகை சிட்டிகையாக.

செடி முழுதும் வெளிறுகிறது. வடிநீர் இசி தொட்டியைவிடக் குறைவு

ஆண்டுக் கடைசி மழையில், கூரையில்லாத பைகளுக்கு இது நடக்கும். இரவெல்லாம் பெய்த மழை பையை அலசிவிட்டுப் போயிருக்கும். வடிநீர் 0.4. மழை பெய்ததே என்று அன்றைய பாய்ச்சலை நிறுத்துவது தவறு: பையில் ஈரம் இருக்கிறது, உணவு இல்லை. மழை விட்டதும் வழக்கத்தைவிட 0.3 கூடுதலான இசியில் குறைந்த அளவு பாய்ச்சுங்கள். மழையே இல்லாமல் இப்படி இருந்தால் செடி பசியில் இருக்கிறது. தொட்டி இசியை 0.2, 0.2 ஆகக் கூட்டுங்கள்.

எதைச் செய்தாலும் எண் ஒத்துவரவில்லை

சந்தேகத்தைச் செடியிலிருந்து கருவிக்கு மாற்றுங்கள். பேனா வடிவப் பிஎச் கருவியை மாதம் இருமுறையாவது 6.86, 4.01 கரைசல்களில் நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். முனையை உலரவிடக் கூடாது. காய்ச்சிவடித்த நீரிலும் வைக்கக் கூடாது. பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசலில் வையுங்கள். என் பழைய கருவி ஒரு மாதம் முழுவதும் 0.7 கூட்டிக் காட்டியது. நானும் கடமை தவறாமல் ஒரு மாதம் அமிலம் ஊற்றினேன். பிறருக்குப் புத்தி சொல்லும்போது இதை நான் முதலில் சொல்வதில்லை.

இன்னொன்று: மிளகாய்த் தளிர் படகுபோல் சுருண்டு, அடிப்புறம் வெண்கலம்போல் மினுமினுத்தால் பிஎச்சையும் இசியையும் விடுங்கள். பூதக்கண்ணாடியை எடுத்து இலையின் அடியில் இலைப்பேனையும் சிலந்திப்பூச்சியையும் தேடுங்கள். அவற்றைக் கழுவல் விரட்டாது.

அறுவடைக்குப் பிறகு அதே நார்த்தூள்

இரண்டு மூன்று பயிருக்குத் தாங்கும், வேரழுகல் வந்த பையைத் தவிர. பழைய வேரைச் சலித்து எடுத்து, பிழிநீர் 1.0க்குக் கீழே வரும்வரை அலசி, ஒரே ஒரு கால்சியம் ஊறல் கொடுங்கள். பயிர் முழுக்கக் கால்சியம் வாங்கிய தூள் என்பதால் இரண்டாம் ஊறல் வேண்டாம்.

கிராணியார் இப்போது இலையைக் கொண்டுவருவதில்லை. காலை நடைக்குப் போகும் வழியில் என் வேலிக் கம்பியில் ஒரு போத்தலை மாட்டிவிட்டுப் போகிறார். மூடியில் பையின் எண்ணும் அன்றைய தொட்டி இசியும் கணக்குப் பேரேட்டுக் கையெழுத்தில் இருக்கும். இன்று தொங்கியது 14ஆம் பை. தொட்டி 2.2, வடிநீர் 3.3, பிஎச் 6.1. மறுபடியும் குழாயின் நேரத்தைக் குறைத்திருக்கிறார்.